நத்தைக் கதையில் விட்டுப்போன நண்டு

ஜூன் 9

ரேடியோவுக்கு,

'அன்புள்ள நாத்தனாருக்கு' என்றுதான் முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். இப்போது அன்பு என்று எழுதினால் அது பொய். நாத்தனார் என்று எழுதினால் பஞ்சாயத்துக்குக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது. உன் அண்ணன் சின்ன வயதில் உனக்கு வைத்த பட்டப் பெயரே இருக்கட்டும்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நீதான் ஜெயிப்பாய். பேசுவது உன் தொழில். எழுத்தில் என்றால் நானும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பேன்.

லீவுக்கு வந்தபோது நீ சுண்டுவுக்குக் கொடுத்த சின்ன ஸ்பீக்கரும், நீ வாசித்துப் பதிந்த கதைகள் இருக்கிற மெமரி கார்டும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. உடையாமல் இருக்க, நான் பிழை திருத்தின பழைய புரூஃப் தாள்களைச் சுற்றியிருக்கிறேன். மறுபடி அனுப்பாதே.

நடந்தது இது. நீ ஊருக்குப் போன பிறகு என் மகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கடகடவென்று 'படித்தாள்'. சரியான இடத்தில் பக்கத்தைத் திருப்பினாள். நீ இழுக்கிற இடத்தில் இழுத்தாள், நீ குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தினாள். நான் பூரித்துப்போய் அவள் டீச்சரிடம் பெருமையடித்துக்கொண்டேன். டீச்சர் வேறு ஒரு புத்தகத்தை எடுத்து, "இந்தப் பக்கத்தப் படி கண்ணு, கேப்போம்" என்றார். சுண்டு புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில், "இத இன்னும் அத்தை படிச்சுக் குடுக்கல டீச்சர்" என்றாள்.

எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. எட்டு வயதுப் பெண். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துத் தாளில்கூடக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பிடிக்கிறவள் நான். என் பெண்ணுக்கு ஒரு வரி படிக்கத் தெரியவில்லை. உன் குரலை அப்படியே விழுங்கி வைத்திருக்கிறாள்.

டீச்சர் செப்டம்பரில் இன்னொரு தடவை, அவள் கேட்டே இராத ஒரு பக்கத்தைக் கொடுப்பாராம். அப்போதும் படிக்காவிட்டால் கீழ் வகுப்பில் உட்கார்த்திவிடுவார்களாம்.

ஆகையால் இனிமேல் இங்கே கதை கேட்பது கிடையாது. படிப்பதுதான்.

அண்ணி

*

ஜூன் 17

அண்ணி,

பார்சல் வந்தது. ஸ்பீக்கருக்கு ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் இருக்கிறது.

நீங்கள் சுற்றி அனுப்பிய புரூஃப் தாளில் சிவப்பு மையில் ஒரு இடத்தில், "இங்கே என்ன சொல்ல வருகிறீர்கள்?" என்று கேட்டிருந்தீர்கள். யாரோ ஒரு எழுத்தாளரைக் கேட்டதுதான். என்னைக் கேட்ட மாதிரியே இருந்தது. சொல்கிறேன்.

"நீ படிக்க வேணாம், அத்தை படிச்சுத் தர்றேன்" என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. "காது என்கிட்ட, கண்ணு புத்தகத்துல" என்றுதான் சொன்னேன். அவள் காதை மட்டும் கொடுத்திருக்கிறாள் என்றால் அது எனக்கும் வருத்தம்தான். ஆனால் கதை கேட்டதால்தான் அவளுக்குப் படிக்க வரவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். போன வருஷம் நான் ஒரு கதைகூடப் பதிந்து தரவில்லையே. அப்போது மட்டும் படித்தாளா?

கோபத்தில் எழுதிவிட்டேன். அடிக்கவில்லை, உங்களுக்கு அடித்தல் பார்த்தால் பிடிக்காது.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லிஃப்டுக்குள் "கதவு மூடுகிறது" என்று சொல்கிறவள் நான்தான். ரயில் தாமதம் என்று சொல்லித் திட்டு வாங்குவதும் நான்தான். மற்ற நேரத்தில் துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு, உள்ளே உட்கார்ந்து குழந்தைகளுக்கான புத்தகங்களை வாசித்துப் பதிகிறேன். வேர்த்துக் கொட்டும். முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வாசிக்கும்போதெல்லாம் சுண்டுவைத்தான் எதிரே உட்கார வைத்துக்கொள்கிறேன், மனதுக்குள்.

ஒரு விஷயம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, தபால் பெட்டி வரை போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் பாடப் புத்தகத்தை யார் வாசித்துக் காட்டி அண்ணன் பரீட்சை எழுதினான் என்று அவனையே கேளுங்கள். என் வாயால் சொல்ல மாட்டேன். அது அவன் சொல்ல வேண்டியது.

கேட்கும்போது பேனா கையில் வேண்டாம் அண்ணி.

ரேடியோ

*

ஜூலை 2

ரேடியோ,

கேட்டேன்.

உன் அண்ணன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கைகழுவிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கயிற்றுக் கிரீஸ் லேசில் போகாது. நான் கேட்டதும் கழுவின கையையே மறுபடி கழுவினார். "அதான் ரேடியோன்னு பேரு வெச்சேன். அவ படிப்பா, நான் கேப்பேன்" என்றார். சோப்பைக் கீழே வைக்கவே இல்லை.

வரி தாவுமாம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு வருவதற்குள் கண் வேறு எங்கோ போய் நிற்குமாம். அதனால் எல்லாவற்றையும் காதிலேயே பிடித்துக்கொண்டாராம். லிஃப்டில் ஏறி நின்று கண்ணை மூடினால் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார், அது எனக்குத் தெரியும். இது தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து, "கண்ணாடிய எங்கயோ வெச்சிட்டேன், நீயே படிச்சுச் சொல்லேன்" என்பார். நானும் அந்தக் கண்ணாடியைக் கட்டிலுக்கு அடியில் எல்லாம் குனிந்து தேடியிருக்கிறேன். அப்படி ஒரு கண்ணாடியே கிடையாதாம்!

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "என்கிட்ட ஏன் மறைச்சீங்க?" என்று கேட்டேன். "நீ பிழை பாக்கறவளாச்சே" என்றார்.

உன்னிடம் இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த மூன்று வாரமாக நான் சுண்டுவைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்கிறேன். அவள் எழுத்தைப் பார்ப்பதே இல்லை. என் கையைத்தான் பார்க்கிறாள், அதில் சிவப்புப் பேனா இருக்கிறதா என்று. இல்லை என்று விரித்துக் காட்டினாலும் அவள் உள்ளங்கை ஈரமாகிவிடுகிறது. நேற்று, "வயிறு வலிக்குதும்மா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடினாள். வயிற்று வலி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பயமாக இருக்கிறது. கீழ் வகுப்பில் உட்காருவதைவிட, புத்தகத்தைப் பார்த்தாலே வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பெண்ணாக ஆகிவிடுவாளோ என்று.

ஆகவே நானே இறங்கி வருகிறேன். ஸ்பீக்கரைத் திருப்பி அனுப்பு. ஆனால் என் நிபந்தனைகளும் உண்டு. இதுவரை அவள் கேட்காத கதையாக இருக்க வேண்டும். புத்தகமும் கூட வர வேண்டும். பின்னணியில் டிங் டாங் எதுவும் கூடாது. நிதானமாக வாசி, ரயில் அறிவிப்பு மாதிரி ஓடாதே. அவள் விரல் வைத்துக்கொண்டே கேட்பாள். உன் அண்ணனும் கூட உட்காருகிறேன் என்கிறார்.

நான் உட்காரப் போவதில்லை. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

நாம் இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாலும் உன் அண்ணன் தினமும் பத்து லிஃப்டில் உன் குரலைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறார். "தங்கச்சி நல்லா இருக்கா" என்று வேறு சொல்கிறார்.

அண்ணி

*

ஜூலை 13

அண்ணி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சத்தமாக. கண்ணாடி தேடுகிற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். பக்கத்து வீட்டில் இருந்து சுவரைத் தட்டினார்கள்.

ஸ்பீக்கர், கார்டு, புத்தகம் மூன்றும் அனுப்பியிருக்கிறேன். புத்தகக் கடையில் இதே மாதிரி இரண்டு பிரதி வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று உங்களுக்கு. வாடகைக்கு வீடு தேடி அலைகிற ஒரு நத்தையின் கதை. முதுகில் வீடு இருப்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டும். எல்லா வீட்டுக்காரர்களுக்கும் ஒரு கிறுக்குத்தனம் இருக்கும். நீங்கள் வீடு மாறின காலத்தில் சந்தித்த ஆட்களை எல்லாம் இதில் பார்க்கலாம்.

நிபந்தனை எல்லாம் நிறைவேற்றியாயிற்று. டிங் டாங் இல்லை. அண்ணி பக்கத்தில் நின்று முறைக்கிற மாதிரி நினைத்துக்கொண்டு நிதானமாக வாசித்தேன். மேல் வீட்டில் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்கள் சாப்பிடப் போன இடைவெளியில் அலமாரிக்குள் புகுந்து ஒரே மூச்சில் முடித்தேன். புழுக்கம் தாங்கவில்லை. விரல் வேர்த்துப் பக்கமெல்லாம் ஒட்டிக்கொண்டது. பக்கம் திருப்புகிற சத்தம் பதிவில் விழாமல் இருக்க மூலையைப் பிடித்து மெல்லத் தூக்க வேண்டும், இந்தத் தொழிலில் பாதி கஷ்டம் அதுதான்.

சுண்டுவிடம் ஒன்றும் கேள்வி கேட்காதீர்கள். 'நத்தை என்ன சொல்லுச்சு, நீதி என்ன' எதுவும் வேண்டாம். கேட்கட்டும், பார்க்கட்டும், விட்டுவிடுங்கள். அண்ணனிடம் சொல்லுங்கள், அவனும் விரல் வைக்கட்டும். வெட்கப்பட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நான் வாசித்தது பலிக்காவிட்டால்? நீங்கள் என்னைத் திட்டுவது பெரிதில்லை. அவள் என் குரலை வெறுத்துவிடக் கூடாது.

ரேடியோ

*

ஆகஸ்ட் 3

ரேடியோ,

உட்கார்ந்துகொண்டு படி. நல்ல செய்திதான், ஆனால் உன் மூக்கு உடையப் போகிறது.

பார்சல் வந்த அன்று சாயங்காலமே போட்டார்கள். முன்னறையில் தரையில் பாயை விரித்து, இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, நடுவில் புத்தகம். இரண்டு விரல். ஒன்று கிரீஸ் கறையோடு, ஒன்று பென்சில் கறையோடு. நான் சொன்னபடி அடுப்படியில் இருந்தேன். காதை மட்டும் அங்கே வைத்திருந்தேன்.

நத்தை அணில் வீட்டுக்குப் போயிற்று, எறும்பு வீட்டுக்குப் போயிற்று. அடுத்த கதவைத் தட்டியது. "அங்கேயும் சரிப்படவில்லை, நத்தை மெல்ல நகர்ந்தது" என்றாய். எனக்கு எதுவும் தப்பாகப் படவில்லை. சரிப்படவில்லை போலிருக்கிறது என்று கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். உன் குரல் சட்டென்று நின்றது. சுண்டு பட்டனை அமுக்கியிருக்கிறாள்.

"அப்பா, அத்தை தப்பு பண்ணிட்டாங்க."

"படிக்கிறதுதானே அவ தொழில் கண்ணு. அவ தப்பு பண்ண மாட்டா."

"இல்லப்பா. இங்க நண்டுன்னு போட்டிருக்கு. அத்தை நண்டே சொல்லல."

பின்னால் தள்ளி மறுபடி போட்டார்கள். மறுபடி நின்றது. உன் அண்ணன் மெதுவாக, "எனக்கும் வெரல் அங்கதான் நின்னுச்சு. நான்தான் எப்பவும்போல தொலைஞ்சுட்டேன்னு நெனச்சு சும்மா இருந்தேன்" என்றார்.

நான் கரண்டியோடு வாசலில் போய் நின்றேன். "ரெண்டு பேருமே எங்கயோ விட்டுட்டீங்க, அத்தை சரியாத்தான் படிச்சா" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். திறந்த வாயை எந்தச் சாமி மூடிற்றோ தெரியாது. சொல்லவில்லை. எட்டிப் பார்த்தேன்.

அந்த இரண்டு பக்கத்திலும் நண்டின் படமே கிடையாது ரேடியோ. ஒரு மூடின கதவு மட்டும்தான் வரைந்திருக்கிறது. நண்டு எழுத்தில்தான் இருக்கிறது.

"அப்ப அந்த நண்டு என்னதான் சொல்லுது?" என்றார் உன் அண்ணன். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சுண்டு என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கரண்டிதான் இருந்தது. பிறகு புத்தகத்துக்குக் குனிந்தாள்.

"நே... நேராக... நடப்... நடப்பவர்களுக்கு... இந்த வீட்டில்... இடமில்லை, என்றது நண்டு."

ஒரு வார்த்தையில் மூன்று தடவை நின்றாள். ஓரிடத்தில் தப்பாகப் படித்துவிட்டு, அவளே திரும்பிப் போய்ச் சரி செய்தாள். இன்னோரிடத்தில் தப்பாகவே போய்விட்டாள். நான் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்து, வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கை என்ன செய்துவிடுமோ என்று பயம். இரண்டு பக்கமும் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டாத இரண்டு பக்கம். நீயும் காட்டாதது!

முடித்துவிட்டு, "இந்த நண்டுக்குக் கொழுப்பு" என்றாள். உன் அண்ணன் பாயில் புரண்டு புரண்டு சிரித்தார். நடுவில் கண்ணையும் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன் என்று வெளிப்படையாகவே எழுதுகிறேன். இந்தப் பெண் என் வயிற்றில் பால் வார்த்தாள். ஜூன் மாதத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கி எங்கேயோ போய்விட்டது. அடுப்பில் இருந்தது தீய்ந்துவிட்டது. தீய்ந்ததையே சாப்பிட்டோம்.

அத்தை எப்படி நண்டை விட்டாங்க என்று அவள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பதில் எழுது.

அண்ணி

*

ஆகஸ்ட் 11

அண்ணி, அண்ணி, அண்ணி,

உங்கள் கடிதத்தை ஒரு ஆபீஸ் கட்டடத்து லிஃப்டில் நின்றுகொண்டு பிரித்தேன். நண்டு வரை வந்ததும் அழ ஆரம்பித்துவிட்டேன். கூட இரண்டு பேர் இருந்தார்கள். அதே நேரத்தில் என் குரலே மேலேயிருந்து அலட்டிக்கொள்ளாமல், "கதவு திறக்கிறது" என்றது. அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் அடுத்த தளத்திலேயே இறங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஓடிவந்து என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். எறும்பு வீட்டுக்குப் பிறகு இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நகத்தால் பிரித்தேன். உள்ளே நண்டு, மானம் போகிற மாதிரி. அந்த நண்டை நானே அன்றைக்குத்தான் முதன்முதலில் படித்தேன். கதை இடறாமல் ஓடியதால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பக்கம்கூட விட்டதில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். இனி அந்தப் பேச்சை எடுக்க முடியாது. சுண்டுவிடம் சொல்லுங்கள், அத்தை வேர்த்த விரலோடு அவசரமாகத் திருப்பினாள், இரண்டு பக்கத்தை விழுங்கினாள், பிடிபட்டாள்.

பிழை பிடிக்கிற அண்ணிக்கே தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கண்டுபிடித்தது யார் பாருங்கள்! அண்ணனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவன் விரல் சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது. அதை அவனிடம் மறுபடி ஒருதரம் சொல்லுங்கள். நான் சொன்னால் கிண்டல் என்று நினைப்பான்.

அந்த இரண்டு பக்கத்தை நான் பதிந்து அனுப்பப் போவதில்லை. சுண்டு பதியட்டும். அவள் அனுப்பினால் நான் அதைச் சரியான இடத்தில் சேர்த்து ஒட்டித் தருகிறேன். அது வேறு யாருடைய குரலிலும் வரக் கூடாது.

செப்டம்பர் என்ன ஆகும் அண்ணி? கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை.

ரேடியோ

*

செப்டம்பர் 21

அன்புள்ள ரேடியோவுக்கு,

அடிக்கவில்லை, பார்த்தாயா?

டீச்சர் போன வாரம் அவளைக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் வகுப்பு வாசலில் நின்றோம். டீச்சர் ஒரு புதுப் புத்தகத்தைத் திறந்து வைத்தார். சுண்டு விரலை வைத்தாள். "விரல எடுத்துட்டுப் படி கண்ணு" என்றார் டீச்சர். சுண்டு எடுக்கவில்லை.

"எங்க அப்பாவே வெரல் வெச்சுத்தான் படிப்பாரு டீச்சர். லிஃப்டெல்லாம் ரிப்பேர் பண்றாரு" என்றாள்.

டீச்சர் திரும்பி வாசலைப் பார்த்தார். உன் அண்ணன் முகம் சிவந்துபோய்விட்டது. இத்தனை வருஷம் இல்லாத கண்ணாடிக்குப் பின்னால் ஒளிந்திருந்த மனுஷன். நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பதற்குள், "ஆமா டீச்சர். வெரல் வெச்சாதான் வரி ஓடாது" என்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

சுண்டு படித்தாள். நத்தை வேகம்தான். வழியில் இரண்டு இடத்தில் விழுந்து எழுந்தாள். ஆனால் பக்கத்தின் அடி வரை போய்ச் சேர்ந்தாள். டீச்சர், "இதே வகுப்புல இருக்கட்டும், விரலும் இருக்கட்டும்" என்றார்.

நீ கேட்ட பதிவு இதோடு வருகிறது. துணி அலமாரிக்குள் போர்வையைத் தொங்கவிட்டு மூன்று பேரும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். கதை சொல்வது சுண்டு. நண்டு, உன் அண்ணன். அந்த நண்டுக்கு அவர் கொடுத்திருக்கிற குரலைக் கேட்டால், நம் பழைய வீட்டுக்காரர் வழக்குப் போட்டாலும் போடுவார். எனக்கும் ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். சுண்டு யோசித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீ பக்கம் திருப்பு. அத்தை மாதிரி ரெண்டு பக்கம் சேந்து போயிடாம நீதான் பாத்துக்கணும். நீ கரெக்டா பாப்பல்ல" என்றாள்.

அன்றிலிருந்து அது என் வேலை ஆகிவிட்டது. சாயங்காலம் ஆனால், "அம்மா வா, பக்கம் திருப்ப ஆள் இல்ல" என்று கூப்பிடுகிறாள். பேனாவை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். பாயில் எனக்கும் ஒரு ஓரம் இருக்கிறது. அவள் இப்போதெல்லாம் என் கையைப் பார்ப்பதில்லை.

இன்னும் நிறையக் கதை அனுப்பு. லீவு கிடைத்தால் கிளம்பி வா. போன் செய்தாலும் எடுப்பேன், நீயே ஜெயித்துக்கொள்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், டீச்சரிடம் சொல்லிவிடாதே. நீ கடைசியாகப் பதிந்து அனுப்பிய கதையை நேற்று போட்டோம். கப்பல் காணாமல் போகிற இடம். எனக்குச் சுவாரசியம் தாங்காமல், உன் குரலிலேயே கண்ணை மூடிக் கிடந்து, இரண்டு பக்கத்தைச் சேர்த்துத் திருப்பிவிட்டேன்.

இரண்டு விரலும் ஒரே நேரத்தில் நின்றன. அப்பாவும் மகளும் ஒரே குரலில், "தப்பு!" என்றார்கள்.

அண்ணி